பெட்டிச் சூடு

தண்ணியில உப்புப் போட்டாச்சு, முழங்கையை விட்டுப் பார்த்தாச்சு, வெதுவெதுப்பு சரியா இருக்கு, மணி ஒன்பதே கால், பத்தரைக்குப் பூ வைக்க வர்றாக, பாப்பாவுக்குக் கட்டு ஊற வச்சுப் பிரிச்சுப் புதுசு போட ரெண்டு மணி நேரம் வேணும், இருக்கிறது ஒண்ணே கால். எந்த மகராசன் குறிச்சுக் கொடுத்த நேரமோ. வர்றாகன்னா யாரு, அமெரிக்காவுல இருந்தா வர்றாக, ரெண்டு தெரு தள்ளி என் புருஷன் வீட்டுல இருந்து என் மாமனாரும் மாமியாரும் வர்றாக, என் அம்மா வீட்டுக்கு, என் கூடப் பிறந்த தங்கச்சிக்குப் பூ வைக்க. என் கொழுந்தன் கோமதிநாயகத்துக்கு அகிலா. அண்ணனுக்கு அக்கா, தம்பிக்குத் தங்கச்சி. இன்னிக்குப் பூ, ஆவணியில தாலி. கோவில்பட்டி முழுக்க இதைத்தான் மெச்சிக்கிட்டுத் திரியுது, உறவுன்னா இப்படி இருக்கணும், ஒரே வீட்டுக்கு ரெண்டு பொண்ணு, கொடுத்து வச்சவ உங்க அம்மான்னு. இந்தப் பத்தரைக்குள்ள நான் ஒரு வார்த்தை சொல்லியாகணும். ஒரே ஒரு விஷயம்தான், சொன்னா அரை நிமிஷம். எட்டு நாளா நாக்கு நுனி வரைக்கும் வருது, அங்கயே உட்கார்ந்துக்குது.

பாப்பா டப்புக்குள்ள உட்கார்ந்திருக்கா. தன்ஷிகான்னு ஜோசியர் எழுத்துப் பார்த்து வச்ச பேரு, எனக்கு வாயில நுழையல, பாப்பாதான். நாலு வயசு, தூக்கினா ரெண்டு வயசுப் பிள்ளை கனம். அக்குள்ல கை கொடுத்துத் தூக்கக் கூடாது, கை பட்ட இடம் தோல் வழண்டு வந்துரும், குண்டிக்கு அடியில ஒரு கை, முதுகுக்கு மெத்துன்னு துண்டு போட்டு ஒரு கை. "அம்மா மெதுவா." மெதுவாத்தான் ராசாத்தி, அம்மா கையே வைக்கல, தண்ணிதான் பிரிக்குது. கட்டு தானா நனைஞ்சு தானா மிதந்து வரணும், இழுத்தா துணியோட தோலும் சேர்ந்து வரும். போன சித்திரையில கரண்டு இல்லாத ஒரு மத்தியானம் எரிச்சல்ல இழுத்துட்டேன், முட்டியில இருந்து கெண்டைக்கால் வரைக்கும், வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், இன்னிக்கு வேண்டாம். நேத்து இல்லாத கொப்புளம் இன்னிக்கு ரெண்டு, தோள்ல ஒண்ணு, கணுக்கால்ல நெல்லிக்காய் கணக்கா ஒண்ணு. சட்டையை உள்பக்கம் வெளிய வரத் திருப்பித்தான் போடுறேன், தையல் உரசக் கூடாதுன்னு, அப்பவும் வருது. ஊசியால ஓரத்துல குத்தித் தண்ணியை வடிய விடணும், மேல்தோலை உரிக்கக் கூடாது, அதுதான் புண்ணுக்கு மூடி. முதல் தடவை ஒரு கொப்புளத்துக்கு அரை மணி நேரம் எடுத்தேன், இப்போ ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கிற மாதிரி குத்துறேன். தையக்காரிக்கு வாய்ச்ச பிள்ளை. மதுரை டாக்டரம்மா என் தொழில் என்னன்னு கேட்டுட்டுத்தான் சொன்னாக, மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவுல ஓட்டுத் தையலே போடாம ஒரு ஜாக்கெட் இருந்தா எப்படிம்மா இருக்கும், கை பட்டா ரெண்டும் தனித்தனியா நழுவும்ல, உங்க பிள்ளைக்குத் தோல் அப்படி, மேல்தோலையும் உள்தோலையும் பிடிச்சு வைக்கிற தையல் பிறவியிலயே இல்லைன்னு. நான் மடச்சி, அப்போ தைச்சுற முடியாதா டாக்டர்னு கேட்டேன்.

பிறந்தப்பவே இடது பாதத்துல இருந்து முட்டி வரைக்கும் தோல் இல்லாமத்தான் வந்தா, செக்கச் செவேல்னு. சின்ன ஆஸ்பத்திரி, அவங்களுக்கே என்னன்னு விளங்கல. மஞ்சக்காமாலை இருக்குன்னு லைட்டுப் பெட்டியில வச்சாங்க, எடுத்துப் பார்த்தா முதுகெல்லாம் கொப்புளம். மாமா ஆடின ஆட்டம் இருக்கே! என் மாமனார் எனக்குத் தாய்மாமனும்தானே, ரெட்டை உரிமை, ஊரே கேக்குற தொண்டை வேற, "எங்க வீட்டுப் பிள்ளையைப் பெட்டியில போட்டு வறுத்துட்டீங்களேடா"ன்னு கத்தி, ஜன்னல் கண்ணாடியை உடைச்சு, அந்த நர்ஸ் பொண்ணை அடிக்கக் கை ஓங்கி. ஒல்லியா இருப்பா அந்தப் பொண்ணு, "நான் ஒண்ணும் பண்ணலங்கய்யா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டா. பெட்டிச் சூடு. அன்னிக்கு வந்த பேருதான், சொந்தக்காரங்க, தெருக்காரங்க, பால்காரர் வரைக்கும், பெட்டிச் சூடு பட்ட பிள்ளை. பாப்பாவுக்கு எட்டாம் மாசம் மதுரைக்குப் போனப்பதான் தெரிஞ்சுச்சு, அந்தப் பொண்ணு நிஜமாவே ஒண்ணும் பண்ணல. டாக்டரம்மா கேட்டாக, நீங்க ரெண்டு பேரும் சொந்தமான்னு. ஆமா, மாமா மகன். ஒரு தாளை எடுத்தாக, பொம்பளைக்கு வட்டம், ஆம்பளைக்குக் கட்டம், சொந்தத்துல கட்டினா நடுவுல ரெட்டைக் கோடு. எல்லாருக்கும் எதுவும் ரெண்டு ரெண்டா இருக்கும்மா, அப்பா கொடுத்தது ஒண்ணு, அம்மா கொடுத்தது ஒண்ணு, ஒண்ணு பழுதா இருந்தா இன்னொண்ணு தாங்கிக்கும், உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான், நல்லாத்தானே இருக்கீங்க, ரெண்டு பழுதும் ஒரே பிள்ளைகிட்ட வந்து சேர்ந்தா இது. அடுத்து எத்தனை பிறந்தாலும் ஒவ்வொண்ணுக்கும் நாலுல ஒரு பங்கு பயம் உண்டு. கூடப் பிறந்தவங்ககிட்டயும் சொல்லிருங்க, சொந்தத்துல கட்டுறதா இருந்தா முன்னாடியே ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான். திரும்பி வர்ற பஸ்ல சாத்தூர் தாண்டினதும் அத்தான் சொன்னாக, "செம்பா, இதை யார்கிட்டயும் சொல்லாத. ரத்தத்துல இருக்குன்னு தெரிஞ்சா நாளைக்கு அகிலாவை எவன் கட்டுவான்? பெட்டிச் சூடுன்னே இருக்கட்டும்." என் புருஷன் கெட்டவக கிடையாது. என் தங்கச்சிக்காகத்தான் சொன்னாக. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு, தலையை ஆட்டிட்டு பிள்ளை மேல வெயில் படாம முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன்.

எங்க பொய்யை ஊரு நம்புச்சு, அகிலாவைப் பொண்ணு பார்க்க வந்தவங்க நம்பல. விளாத்திகுளத்துக்காரங்க நல்லாத்தான் பேசினாங்க, பாப்பா அந்த நேரம் பார்த்து அறையை விட்டு வெளிய வந்தா, அந்த அம்மா கையில இருந்த கேசரியை அப்படியே கீழ வச்சுட்டாங்க. ரெண்டாவது வந்தவங்க பெட்டிச் சூடான்னு மூணு தடவை கேட்டாங்க. மூணாவது ஆளுங்க கேக்கவே இல்லை, போன் எடுக்கிறதை நிறுத்திட்டாங்க. அகிலா மொட்டை மாடியில துணி காயப்போடப் போனவ அரை மணி நேரம் இறங்கல. அப்பதான் மாமா மனசு இரங்கினது, "எவன் வாசல்லயோ போய் எதுக்கு நிக்கணும், என் ரெண்டாவது மகன் கல்லு மாதிரி இருக்கான், என் தங்கச்சி மக என் வீட்டுக்கே வரட்டும்." அம்மா அழுத அழுகை, அண்ணன்னா இதுல்ல அண்ணன்னு. பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்ச கதை. அவளைச் சொந்தம் இல்லாத அசல்ல கட்டிக் கொடுக்கணும்னுதான் மறைச்சோம், அந்த மறைச்சதே அவளைக் கொண்டு வந்து அதே வீட்டுல தள்ளுது. யார்கிட்டப் போய் முட்ட? எட்டு நாளைக்கு முந்தி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன், அக்கா தங்கச்சி, அண்ணன் தம்பி, இப்படின்னா எப்படின்னு. சோதிச்சுப் பார்க்காம கட்டினா பிறக்கிற பிள்ளைக்குப் பதினாறுல ஒரு பங்கு, சோதிச்சா தெளிவா தெரிஞ்சுரும், ஒரு சிரிஞ்சு ரத்தம்தானேம்மா, கூட்டிட்டு வாங்கன்னாக. அத்தான்கிட்டச் சொன்னேன். "பதினாறுல பதினஞ்சு நல்லதுதானே செம்பா." ஆமா. எனக்கு நாலுல மூணு நல்லது இருந்துச்சு. மூணு இருந்தும் என் கையில வந்து விழுந்தது இது. கோமதி நல்ல பையன்தான், கோயம்புத்தூர்ல லேத் பட்டறையில இருக்கான், மதினி மதினின்னு உயிரை விடுவான், அவனுக்கும் தெரியாது, அவன் போன் வந்தா அகிலா முகம் எப்படி ஆகுதுன்னு நான் பார்த்திருக்கேன், பார்த்துட்டு எப்படி, சொல்லு, எப்படிச் சொல்ல.

"முடிஞ்சுதாட்டி?" அம்மா வந்து நிக்கிறா, கை நிறைய வெத்திலை, தலைக்கு இன்னும் துண்டு. இல்லம்மா, ஊறணும். "ஊறட்டும் ஊறட்டும், பிள்ளையை வைய்யாத." குனிஞ்சு பாப்பா தோளைப் பார்க்கிறா, அந்தப் புதுக் கொப்புளத்தை. "சவம், அக்கி மாதிரியே இருக்கு பாரு. என் கூடப் பிறந்தது ஒண்ணு, எனக்கு அடுத்தது, இப்படித்தான் உடம்பெல்லாம் அக்கி. அக்கி இறங்கணும்னு பானை செய்யிற வேளார் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்க் காவியைக் கரைச்சு மேல சிங்கம் எழுதிட்டு வந்தாக. எழுதின இறகு பட்ட இடமெல்லாம் தோலு கூடவே வந்துச்சாம். இருபது நாள்ல போயிருச்சு. சரி, நல்ல நாளும் அதுவுமா அதை எதுக்கு நினைக்க"ன்னுட்டு வெத்திலைக் காம்பைக் கிள்ளிக்கிட்டே போயிட்டா. இறகு பட்ட இடமெல்லாம். அம்மா, நில்லு. நீ என்ன சொல்லிட்டுப் போறேன்னு உனக்குத் தெரியுமா? தாத்தா கட்டினது சொந்த அக்கா மகளை, அங்க ஒரு ரெட்டைக் கோடு, அதுல மாமா, அம்மா, இருபது நாள்ல போன ஒரு பிள்ளை, அப்புறம் மாமா மகன் அத்தான், அம்மா மக நான், இன்னொரு ரெட்டைக் கோடு, அதுக்குக் கீழ டப்புக்குள்ள உட்கார்ந்து தண்ணியைத் தட்டிக்கிட்டு இருக்கிற என் பிள்ளை. டாக்டரம்மா தாள்ல மேல கொஞ்சம் இடம் விட்டிருந்தாக, உங்க பெரியவங்கள்ல யாருக்காவது இருந்துச்சான்னு கேட்டாக, இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொன்னேன். எத்தனை வீட்டுல எத்தனை அக்கி எழுதிப் புதைச்சாங்களோ. அம்மாவுக்கு அது அக்கி, மாமாவுக்கு இது பெட்டிச் சூடு, நாளைக்கு அகிலா பெத்தா அதுக்கு என்ன பேரு வைப்பாங்க? கண்ணேறா? பால் ஒத்துக்கலைன்னா? ஆத்தா செண்பகவல்லி, உன் பேரைத்தானே எனக்கு வச்சிருக்கு, நீயாவது வந்து சொல்லிட்டுப் போயேன்.

இதுல கூத்து என்னன்னா பூவை நான்தான் வைக்கணுமாம். மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்த பொண்ணு இல்லை, அப்போ மூத்த மருமகதான் வைக்கணும், அதுதான் முறைன்னு நேத்தே அத்தை சொல்லிட்டாக. பொண்ணுக்கு அக்காவா இந்தப் பக்கம் நிக்கணும், மாப்பிள்ளைக்கு மதினியா அந்தப் பக்கம் போய்த் தட்டைப் பிடிக்கணும். "அம்மா, காலு எரியுது." தோ, எடுத்துட்டேன் எடுத்துட்டேன், ஒத்தி எடுக்கணும், துடைக்கக் கூடாது, ஒத்தி ஒத்தி. அகிலா உள்ள வர்றா. பட்டுச் சேலை, பின்னல் பாதியில நிக்குது, கதவைச் சாத்திட்டு சுவத்துல சாஞ்சுக்கிறா. "பாப்பா, சித்தி எப்படி இருக்கேன்?" "நல்லாருக்க. சித்தி, உன் கல்யாணத்துக்கு எனக்குக் கொலுசு உண்டா?" உண்டுடி தங்கம், கட்டுத் துணிக்கு மேல போட்டுவிடுறேன், சத்தம் வருமா, வரும். அகிலா முட்டி போட்டு உட்கார்ந்து வாஸ்லின் தடவின கட்டுத் துணியை ஒண்ணொண்ணா எடுத்து நீட்டுறா, எந்தத் துண்டு எந்த இடத்துக்குன்னு அவளுக்கு மனப்பாடம், என்னை விட மெல்லிசா வைப்பா. "எனக்கு ஒண்ணு பிறந்தா அதையும் நீதான் குளிப்பாட்டணும்கா, நல்லா இருக்கிற பிள்ளையைக் கூட எனக்குத் தொடப் பயம்." சிரிக்கிறா. இதோ, இதுதான் நேரம், கதவு சாத்தியிருக்கு, அம்மா அடுப்படியில, இதை விட்டா வேற நேரம் கிடையாது. "அகிலா." "என்னக்கா?" அவ கண்ணுல மை இப்பதான் வச்சிருக்கா, ஓரத்துல லேசா ஈரம், சந்தோஷம், எத்தனை நாள் கழிச்சு. "என்னக்கா சொல்லு." "ஒண்ணுமில்ல. பின்னல் கோணலா இருக்கு, போய்ச் சரி பண்ணு." கூறுகெட்டவளே. செண்பகம், நீ கூறுகெட்டவ மட்டும் இல்ல, பயந்தாங்கொள்ளி.

விரல் கடைசி. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாச் சுத்தணும், நடுவுல துணி இல்லைன்னா புண்ணு ஆறும்போது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பிடிச்சுக்கும், இடது கையில சுண்டு விரலும் மோதிர விரலும் ஒட்டியாச்சு, அது என் அசட்டையால ஆனது, நான் காய்ச்சல்ல படுத்த பத்து நாள். சொன்னா என்ன ஆகும்? அகிலா வீட்டோட கிடப்பா. ரத்தத்துல இருக்குன்னு ஆனதும் நாலாவது ஆள் எவன் வருவான், அசல்ல கட்டினா பயம் ரொம்பக் குறைவும்மான்னு டாக்டரம்மா சொன்னதை ஊர்ல எவன்கிட்டப் போய் விளக்குறது? மாமா என்னை அப்புறம் தாயின்னு கூப்பிடுவாகளா? நாலு வருஷமா எங்களை ஏமாத்தினியான்னு கேட்டா என்ன சொல்ல? சொல்லலைன்னா? சொல்லலைன்னா ஒரு நாள் அகிலா ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடப்பா, துணியில சுத்தி ஒண்ணைக் கொண்டு வந்து காட்டுவாங்க, அவ பிள்ளை முகத்தைப் பார்க்க மாட்டா, காலைத்தான் பார்ப்பா, அப்புறம் என்னைப் பார்ப்பா. பதினாறுல பதினஞ்சு நல்லது. வராமலும் போகலாம். வரலைன்னா நான் சொல்லாததே நல்லதுன்னு ஆகிரும். பாரு, இப்படித்தான் இந்தப் புத்தி, ஒரு பொந்து கிடைச்சா உள்ள போய்ச் சுருண்டுக்குது. நடுவிரல் ஆச்சு, ஆள்காட்டி விரல் ஆச்சு, அழாத கண்ணு, கட்டை விரல் ஒண்ணுதான். வெளிய செருப்பு உதறுற சத்தம். மாமா தொண்டை. வாங்க வாங்க, வாங்கண்ணே, வாங்க மதினி. மணி பத்து இருபத்தஞ்சு.

பாப்பாவை மெத்தையில உட்கார வச்சுட்டு வந்தேன். கூடம் நிறைஞ்சு கிடக்கு. அகிலாவை மணையில கிழக்கே பார்த்து உட்கார வச்சிருக்காக. "வா தாயி, உனக்குத்தான் காத்துக் கிடக்கோம்"ன்னு மாமா சொல்ல, அத்தை மல்லிகைப் பந்தை என் கையில வச்சாக, ஈரமா, கனமா. எல்லாரும் என் கையைப் பார்க்கிறாக. அப்பதான் என் வாய் தானா திறந்துச்சு. "மாமா, ஒரு நிமிஷம். பாப்பாவுக்குப் பெட்டிச் சூடு இல்லை. அது நம்ம ரத்தத்துல வர்றது. உங்க கூடப் பிறந்தது ஒண்ணு அக்கியில போச்சுல்ல, அதுவும் இதுதான். மதுரையில அன்னிக்கே சொல்லிட்டாங்க, நாங்கதான் மறைச்சுட்டோம். கோமதிக்கும் அகிலாவுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு அப்புறம் வைப்போம் இந்தப் பூவை."

அரை நிமிஷம்தான் ஆச்சு, நான் நினைச்ச மாதிரியே. மாமா கோபப்படுவாகன்னு பார்த்தேன், அவுக சிரிச்சாக, பாசமா. "யாரு தாயி சொன்னது, டாக்டரா? ஆஸ்பத்திரிக்காரனை ஆஸ்பத்திரிக்காரன் காட்டிக் கொடுப்பானா? அந்தப் பெட்டியை நான் இந்தக் கையால தொட்டுப் பார்த்தேன், அடுப்பு கணக்கா கொதிச்சுச்சு." மாமா அந்தப் பெட்டி இருந்த அறைக்குள்ளயே போகல. எனக்குத் தெரியும், நான் அங்கதான் கிடந்தேன். நாலு வருஷமா சொல்லிச் சொல்லி அவுக அதைத் தொட்டே பார்த்துட்டாக. "வாயைக் கழுவுட்டி"ன்னு அம்மா. "ஏய் சங்கரலிங்கம்"னு மாமா வாசப்படியைப் பார்த்துக் கூப்பிட்டாக, "நீயும்தானே மதுரைக்குப் போன, என்னடா சொல்றா உன் பொண்டாட்டி?" அத்தான் நிலைப்படியில சாஞ்சிருந்தாக. என்னைப் பார்க்கல. அகிலாவையும் பார்க்கல. "அவ நாலு வருஷமா ஒரு நாள் கூட ஒழுங்கா உறங்கலப்பா. ஏதோ பேசுறா." அவ்வளவுதான், கூடமே மூச்சு விட்டுச்சு. பாவம் பிள்ளை. எத்தனை நாள்தான் ஒத்தையில பார்ப்பா. யாரோ என் முதுகைத் தடவிக் கொடுத்தாக, யாரோ தண்ணிச் செம்பை நீட்டினாக. வைஞ்சிருந்தா எதிர்த்துக் கத்தியிருப்பேன். எல்லாரும் எம்மேல இரக்கப்பட்டாக.

அகிலா மட்டும் என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தா. அவ வாஸ்லின் துணியை எடுத்து எடுத்து நீட்டினவ, சூடு பட்ட புண்ணு நாலு வருஷமா புதுசு புதுசா வராதுன்னு அவளுக்குத் தெரியாதா. அத்தானை ஒரு தடவை திரும்பிப் பார்த்தா, அவுக கீழ பார்த்துக்கிட்டே நின்னாக. மறுபடியும் என்கிட்ட வந்துச்சு அந்தக் கண்ணு. நம்பிட்டா. நான் சொன்னதை அந்தக் கூடத்துல நம்பின ஒரே ஆள் அவ. எந்திரிச்சுருவா, எந்திரிச்சுருட்டி, எந்திரின்னு எனக்குள்ள கத்துறேன். அவ அம்மா முகத்தைப் பார்த்தா, தட்டைப் பார்த்தா, அப்புறம் பூ வைக்கத் தோதா தலையைக் குனிஞ்சு கொடுத்தா. "வைட்டி, நேரம் தாண்டுது"ன்னு அத்தை என் மணிக்கட்டைப் பிடிச்சு அவ பின்னல் பக்கமாத் தள்ளினாக. குலவை போட்டாக. அத்தைக்கு வயசு அறுபத்திரெண்டு, அப்படியொண்ணும் பலமான பிடி இல்லை. இழுத்திருந்தா என் கை வந்திருக்கும். நான் இழுக்கல.